ஒத்திகை எண்

விளக்கு வைக்கும் நேரமானால் தென் மாவட்டங்களில் தனியாக வாழ்கிற அத்தனை பேர் வீட்டிலும் தொலைபேசி மணியடிக்கும். எடுத்தால் நலம்விசாரி என்ற எந்திரம் பேசும். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, நேற்றுச் சொன்ன முழங்கால் வலி இன்று எப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். பதில் சொல்லத் தயங்கினால், "அவசரம் ஒண்ணுமில்ல, யோசிச்சுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கும். அந்த ஒரு சொல்லுக்காகவே மக்கள் அதைத் தங்கள் வீட்டு ஆளாக நினைத்தார்கள்.

யாராவது எடுக்காமல் போனால் சற்றுப் பொறுத்து மறுபடி கூப்பிடும். அப்போதும் எடுக்காவிட்டால், அக்கம்பக்கத்தில் இருக்கிற ஒருவரை அழைத்து, "அந்த வீட்டுக் கதவைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க முடியுமா?" என்று கேட்கும். அது வந்த பிறகு, ஆள் இறந்துபோய் நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது என்கிற மாதிரிச் செய்திகள் அடியோடு நின்றுபோயின.

கூடவே இன்னொன்றும் நின்றுபோயிற்று. அது செய்தி இல்லையென்பதால் யார் கண்ணிலும் படவில்லை.

எப்சிபா பாளையங்கோட்டையில் நல விசாரிப்பு வாரியத்தில் அமைவாளராக வேலை பார்த்தாள். அது என்ன வேலை என்று நாசரேத்தில் தனியாக இருந்த அப்பாவுக்கு விளக்குவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. நலம்விசாரி ஒரே மூளைதான். ஆனால் அது மூன்று இடங்களில் ஓடியது. ஆட்கள் அதைப் பிரித்து மேய்கிற இடத்துக்குப் பட்டறை என்று பெயர். இல்லாத மனிதர்களை இருப்பதாகப் பாவித்து அது பேசிப் பழகுகிற இடம் ஒத்திகை. உயிருள்ள மனிதர்களோடு பேசுகிற இடத்துக்கு ஊர் என்று பெயர். எந்த இடத்தில் யாரைக் கூப்பிட வேண்டும், எத்தனை நேரம் காத்திருக்க வேண்டும், யாரைக் கூப்பிடவே கூடாது என்பதையெல்லாம் இடத்துக்கு ஒன்றாக எழுதிவைத்த அமைவுக் கோப்புகள்தான் அதற்குச் சொல்லும். அந்தக் கோப்புகள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வது எப்சிபாவின் வேலை.

அப்பா தங்கதுரை முப்பது வருஷம் பேருந்து ஓட்டியவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "புரிஞ்சுபோச்சு. பஸ் ஒண்ணுதான். டெப்போவுக்குள்ள உருட்டுறது ஒண்ணு, ஆளில்லாம சோதனை ஓட்டம் போறது ஒண்ணு, ஆளேத்திக்கிட்டு ரூட்டுல போறது ஒண்ணு. நீ போர்டு மாத்துற வேலை பாக்க" என்றார். அதைவிடச் சரியாக அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை.

வாரிய ஊழியர்களுக்கு ஒரு சலுகை இருந்தது. தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நலம்விசாரி தங்கள் குரலிலேயே பேசும்படி ஊர்க் கோப்பில் எழுதிக்கொள்ளலாம். எப்சிபா ஒரு நாள் உட்கார்ந்து தன் குரலைக் கொடுத்தாள். அப்பா எந்தப் பேர் சொல்லி அவளைக் கூப்பிடுவார், அவருக்கு எந்த மீன் பிடிக்கும், அம்மா போன பிறகு எந்தப் பாமாலையைக் கேட்டால் அழுவார் என்று எல்லாவற்றையும் எழுதிவைத்தாள். அதன் பிறகு நாள்தோறும் மாலையில் அவள் கைபேசியில் ஒரு பச்சைப் புள்ளி வந்து விழும். 'நாசரேத்: நலம்.' அதைப் பார்த்ததும் அப்பாவோடு பேசி முடித்த மாதிரி ஒரு நிறைவு வரும். கடைசியாக அவள் நிஜமாகவே பேசியது எப்போது என்று கேட்டிருந்தால் யோசித்துத்தான் சொல்லியிருப்பாள்.

ஆயுத பூஜையன்று காலையில் அலுவலகம் முழுக்கச் சந்தன வாசனையாக இருந்தது. கணிப்பொறித் திரைகளின் நெற்றியில் குங்குமப் பொட்டு. விசைப்பலகைகள் மேல் செவ்வந்திச் சரம். சங்கரநயினார் வேட்டி கட்டிக்கொண்டு வந்து, தேங்காய் உடைத்து, பொரியும் கடலையும் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் அந்தப் பிரிவுக்குத் தலைவர்.

"ஏம்மா எப்சிபா, இந்தா. கர்த்தர் ஒண்ணும் சொல்ல மாட்டார், பொரிதான்."

"பொரிக்கெல்லாம் அவர் கோவிச்சுக்கிட்டா அவர் கர்த்தரே இல்ல சார்," என்று அவள் இரண்டு பொட்டலமாகவே வாங்கிக்கொண்டாள். பிறகு சுவரில் இருந்த பெரிய திரையைப் பார்த்தாள். பூஜையில் வைக்காமல் விட்ட ஒரே திரை அது. ஊர் எப்போதும் போல் பச்சையாக இருந்தது. ஒத்திகை மட்டும் சிவப்பாக இருந்தது.

"இது எப்பலேர்ந்து சார்?"

"நேத்துச் சாயங்காலம் பிடிச்சு. 'பதில் இல்லை'ன்னு வருது. விடையி படுத்துட்டு போல. அதுக்கும் லீவு வேண்டாமா? நாளைக்கு விஜயதசமிக்கு வேற நம்பர் போட்டு ஓட்டிக்கிடலாம்."

ஒத்திகையில் நலம்விசாரி கூப்பிடுகிற மனிதர்கள் எல்லாரும் கற்பனை. பேச்சியம்மாள், கோமதிநாயகம், மரகதம் என்று பெயரும் வியாதியும் யாரோ எப்போதோ எழுதிவைத்தது. ஆனால் மணியடிக்க நிஜமாகவே ஓர் எண் வேண்டுமல்லவா? அதனால் அத்தனை பேருக்கும் ஒரே எண். அந்த எண்ணில், வருகிற கேள்விக்கெல்லாம் ஏதோ ஒரு பதிலைச் சொல்லும் விடையி என்ற சிறு கருவி இருப்பதாக எல்லாரும் நினைத்திருந்தார்கள். அந்தப் பதில்களிலிருந்து ஒத்திகை எதைக் கற்றுக்கொள்கிறதோ, அந்தப் பழக்கம் வாரா வாரம் ஊருக்கும் ஏற்றப்படும். பதில் வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. யாரும் அதற்கு மேல் பார்த்ததில்லை.

புது விடையி செய்ய வேண்டுமானால் பழையது எப்படிப் பேசியது என்று தெரிய வேண்டும். எப்சிபா பொரியைக் கொறித்துக்கொண்டே தன் கைபேசியில் பழைய பதிவுகளைத் திறந்தாள். காதில் முதலில் காற்றுச் சத்தம்தான் கேட்டது. பெரிய இறக்கைகள் சுற்றுகிற மாதிரி, விட்டு விட்டு ஓர் இரைச்சல்.

"வணக்கம் பேச்சியம்மாள். காய்ச்சல் எப்படி இருக்கு?" இது நலம்விசாரி.

"ராங் நம்பர் தாயி. இது காத்தாடிப் பண்ணை. நான் வாச்மேன் ஆவுடையப்பன். நேத்தும் சொன்னேனே."

எப்சிபாவின் கை பொரியோடு நின்றுவிட்டது.

"காய்ச்சல் குறைஞ்சிருக்கா?" என்றது நலம்விசாரி. அதற்கு வேறு வழி தெரியாது.

"அந்தம்மா இங்க இல்லியே. ஆனா ஒண்ணு செய்யி. சரியான நம்பர் கிடைச்சா, கஞ்சி குடிக்கச் சொல்லு. நான் பிள்ளையாருகிட்ட அவங்க பேரைச் சொல்லி வைக்கேன்."

அவள் அடுத்ததைக் கேட்டாள், அதற்கடுத்ததையும் கேட்டாள். கோமதிநாயகத்தின் மூச்சிரைப்பைக் கேட்டதும் அந்த மனிதர் அவருக்காக வருத்தப்பட்டார். மரகதத்தின் மகன் ஊருக்கு வருவதாகச் சொன்னபோது சந்தோஷப்பட்டார். தவறான எண் என்று சொல்வதைப் பிறகு விட்டேவிட்டார். ஒரு பதிவில் மட்டும் வேறு யாரிடமோ, பால்காரராக இருக்கலாம், சொல்வது கேட்டது: "எந்த ஆபீஸ் புள்ளையோ, நம்பரை மாத்தி எழுதி வச்சிருக்கு. நானும் கட் பண்ணிட்டா அந்த ஜனங்களை யாரு கேப்பா?"

ஒத்திகை எந்திரம் பழையது. அடிக்கடி சொல் தேடித் திணறும். அப்படித் திணறிய ஒரு மாலையில் அவர் சொன்னார்: "அவசரம் ஒண்ணுமில்ல தாயி. யோசிச்சுச் சொல்லு."

எப்சிபா அந்த இடத்தை மூன்று தடவை ஓட்டிக் கேட்டாள். அந்தச் சொல்லுக்காக வாரியம் தலைநகரில் விருது வாங்கியிருக்கிறது. சுவரில் அந்தப் படம் மாலையோடு தொங்குகிறது. வாரியத்தில் யார் அதை எழுதியது என்று யாருக்கும் நினைவில்லை. ஆளாளுக்கு இன்னொருவர் எழுதியதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாப் பதிவின் முடிவிலும் அவர் ஒன்று கேட்டார். "சரி, நீ சாப்ட்டியா?" ஒவ்வொரு தடவையும் நலம்விசாரி சற்று நின்று, "நன்றி. நாளை பேசலாம்" என்று வைத்துவிட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் எந்தக் கோப்பிலும் எழுதப்படவில்லை.

"சார்," என்றாள். "இது விடையி இல்ல சார். ஆளு."

சங்கரநயினார் காதில் வைத்துக் கேட்டார். முகம் மெல்ல மாறிற்று. பொரித் தட்டைக் கீழே வைத்தார்.

"பழைய கட்டடத்துல ஒரு விடையி இருந்துச்சும்மா. இங்க மாறி வரும்போது அந்த லைனைத் திருப்பிக் குடுத்தோம். நம்பரைக் கோப்புல மாத்தணும்னு யாருக்கும் தோணல. டெலிபோன்காரன் அதையே இந்தாளுக்குக் குடுத்திருக்கான் போல." கண்ணாடியைக் கழற்றினார். "ஒருநாளாவது சிவப்பாயிருந்தா பாத்திருப்போம். பச்சையா இருந்ததை யாரு தோண்டிப் பாப்பா?"

"சார், நேத்துச் சாயங்காலத்திலேர்ந்து அவர் போனை எடுக்கல."

இரண்டு பேரும் சுவரில் இருந்த சிவப்பைப் பார்த்தார்கள். நேற்று வரை அது பழுது. இப்போது அது வேறு மாதிரித் தெரிந்தது.

"அப்ப ஊர் அவரைக் கூப்பிட்டிருக்குமே? தனியா இருக்கிற ஆளுதான?"

"கூப்பிடாது சார்." ஊர்க் கோப்பின் தலையில் இருக்கிற அந்த வரி அவளுக்கு மனப்பாடம். அவளுக்கு முன் அந்த வேலையில் இருந்த யாரோ எழுதியது. புதுக் கோப்பு எழுதும்போதெல்லாம் அவளும் பத்திரமாக எடுத்து எழுதி வந்திருக்கிறாள். ஒத்திகை எண்ணை ஒருபோதும் அழைக்காதே. சோதனை அழைப்பும் உண்மை அழைப்பும் கலந்துவிடக் கூடாது என்பதற்கான நல்ல விதி அது. அந்த நல்ல விதியால், தென் மாவட்டங்களிலேயே யாரும் நலம் விசாரிக்காத ஒரே தனி மனிதர் ஆவுடையப்பன்தான்.

எப்சிபா காவல் நிலையத்தைக் கூப்பிட்டாள். அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். வெறும் எண்ணை வைத்து வீட்டைக் கண்டுபிடிக்கத் தொலைபேசித் துறையின் கடிதம் வேண்டும், துறைக்கு இரண்டு நாள் விடுமுறை. மின்சாரக் காற்றாடிப் பண்ணை என்று பார்த்தால் கயத்தாறிலிருந்து ஆரல்வாய்மொழி வரை காற்றாடிதான். எதில் போய்த் தேடுவது? எந்த எண் யாருடையது என்கிற முகவரிகள் எல்லாம் நலம்விசாரியிடம் முத்திரை வைத்துப் பூட்டியிருந்தன. அதையும் மனிதர்கள் திறக்க முடியாது. ஊரில் ஒருவர் பதில் சொல்லாத நேரத்தில் மட்டும், கதவைத் தட்டப் போகிறவருக்காக அதுவே திறக்கும்.

"அப்ப அவரை ஊருக்குள்ள ஏத்திருவோம் சார். அந்த வரியில இருந்து நம்பரை எடுத்துட்டு, கூப்பிட வேண்டியவங்கள்ல சேர்த்துட்டா, நலம்விசாரியே கூப்பிட்டுப் பாத்துட்டு ஆளை அனுப்பிரும்."

"ஒத்திகையில பாஸாகாம ஊர்ல எதையும் ஏத்த முடியாதே." அவர் குரல் இறங்கியது. "ஒத்திகையில பதில் சொல்ல வேண்டியதே அந்த ஆளுதான."

எப்சிபா அவர் மேசையில் இருந்த தொலைபேசியைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ஒத்திகை நம்பரா உங்க மேசைப் போனைப் போடுதேன் சார். நீங்க பதில் சொல்லுங்க."

அதற்கு விசைப்பலகையைத் தொட வேண்டும். அதன் மேல் பூச்சரம் கிடந்தது. பூஜையில் வைத்த கருவியை மறுநாள் விஜயதசமிக்குத்தான் எடுப்பது. சங்கரநயினார் அந்த அலுவலகத்துக்கு வந்த நாளிலிருந்து ஒரு வருஷம்கூட அது தவறியதில்லை. ஒரு தடவை மேலதிகாரி கேட்டும் அவர் தொட மறுத்ததாகச் சொல்வார்கள்.

"நான் வேணும்னா தொடுதேன் சார். எனக்குப் பூஜை இல்ல."

"உனக்கு இல்லங்கிறதுக்காக நீ பாவத்தைச் சுமக்கணுமா? நல்லாருக்கே கதை." அவர் கிட்டப் போய் இரண்டு கையாலும் சரத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சரஸ்வதி படத்தைப் பார்த்து, அடுத்த வீட்டு அக்காவிடம் சொல்வது போல் சொன்னார்: "ஒரு உசுரு கிடக்கு தாயே. முடிச்சிட்டு வந்து மறுபடி வைக்கேன்." படத்துக்கடியில் சரத்தை வைத்துவிட்டு நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டார்.

எப்சிபா கோப்புகளை மாற்றினாள். ஒத்திகை எண்ணின் இடத்தில் சங்கரநயினாரின் மேசை எண். ஊர்க் கோப்பின் தலையில் இருந்த அந்த வரியிலும் அதே மேசை எண். வெளியே வந்த பழைய எண்ணை, ஆவுடையப்பன் என்ற பெயரோடு, கூப்பிட வேண்டியவர்களோடு சேர்த்தாள். சரிபார்த்து அனுப்பியதும் மேசைத் தொலைபேசி மணியடித்தது.

"வணக்கம் பேச்சியம்மாள். காய்ச்சல் எப்படி இருக்கு?"

"தேவலை," என்றார் சங்கரநயினார் கரகரப்பாக. பிறகு கோமதிநாயகமாக ஒரு தடவை, மரகதமாக ஒரு தடவை பேசினார். எப்சிபா சிரிப்பை அடக்கிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ ஓர் அழைப்பு.

"ரெண்டு நாளா தூக்கம் வரலைன்னு சொன்னீங்களே. என்ன யோசனை?"

அது யாரோ கற்பனை ஆளுக்கு எழுதிவைத்த கேள்வி. சங்கரநயினார் வாயைத் திறந்தார். பதில் வரவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அவசரம் ஒண்ணுமில்ல," என்றது தொலைபேசி. "யோசிச்சுச் சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல," என்றார் கடைசியில். "மக வீட்டுக்காரரோட சண்டை போட்டுட்டு வந்திருக்கா. நான்தான் ரெண்டு வார்த்தை கூடப் பேசிட்டேன்." போனை வைத்துவிட்டு, வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். "இத்தனை வருஷமா இதை ஓட்டுதேன். ஒருநாளாவது எடுத்துப் பேசியிருக்கேனா?"

சுவரில் ஒத்திகை பச்சையாயிற்று. எப்சிபா மாற்றத்தை ஊரில் ஏற்றினாள்.

அதன் பிறகு அவர்கள் செய்ய ஒன்றுமில்லை. புதிதாகச் சேர்ந்தவரை நலம்விசாரி மாலை வரை காத்திராமல் உடனே அழைக்கும். நலம்விசாரி ஆவுடையப்பனை முதல் தடவையாக, ஆவுடையப்பன் என்றே அழைத்தது. மணி அடித்து ஓய்ந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அடித்து ஓய்ந்தது. எப்சிபா கண்ணை மூடிக்கொண்டு ஜெபித்தாள். கண்ணைத் திறந்தபோது சங்கரநயினாரும் கைகூப்பி நின்றிருந்தார். திரையில் முகவரி திறந்தது. கயத்தாறுக்கு மேற்கே ஒரு பழைய பண்ணை. பக்கத்து ஆள்: சண்முகவடிவு, நெடுஞ்சாலையோரம் டீக்கடை.

எப்சிபா அந்த அழைப்போடு தன்னையும் இணைத்துக்கொண்டாள். ஸ்கூட்டர் சத்தமும், செருப்பு மண்ணில் உரசுகிற சத்தமும், அதே இறக்கைகளின் இரைச்சலும் கேட்டன. பிறகு ஒரு பெண் குரல் உரக்கக் கேட்டது.

"யாருங்க லைன்ல? ஆளு கிடக்காருங்க. காத்தாடி மேல ஏறுற இரும்புப் படி கிட்ட. உசுரு இருக்கு. கால்தான் ஒருபக்கமாத் திரும்பிக் கிடக்கு. தண்ணி குடுத்துட்டேன், ஆம்புலன்சுக்குச் சொல்லுங்க."

சங்கரநயினார் ஏற்கெனவே இன்னொரு போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பேசுதாரா அக்கா?" என்றாள் எப்சிபா.

"பேசுதாரே. 'உள்ள போயிப் போனை எடு, நேத்துலேர்ந்து அடிச்சுக்கிட்டே கிடக்கு, யாருக்கு என்ன ஆச்சோ'ங்கார். தனக்கு அடிக்குன்னு மனுசனுக்குத் தோணவே இல்ல." அந்த அம்மாளின் குரல் தணிந்தது. "ரோட்டுக்கு அந்தாண்டதான் என் கடை. தெனமும் இந்தப் பக்கமாத்தான் போறேன். ஒருநாளும் இவரை இன்னாருன்னு கேட்டதில்லம்மா. நலம்விசாரி பாத்துக்கிடும்னு இருந்துட்டேன்."

மறுநாள் எப்சிபா ஆஸ்பத்திரிக்குப் போனாள். கூட சண்முகவடிவு உட்கார்ந்திருந்தாள், கடையை அடைத்துவிட்டு. ஆவுடையப்பன் ஒல்லியான, ஐம்பது தாண்டிய மனிதர். கால் கட்டுப் போட்டு உயரத் தொங்கியது. எப்சிபா தன்னை யாரென்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"நீதானா தாயி அது? குரல் வேற மாதிரி இருக்கே."

"நான் இல்ல அண்ணாச்சி. நான் நம்பர் எழுதுற ஆபீஸ்."

"யாராயிருந்தா என்ன. பேச்சியம்மாளுக்குக் காய்ச்சல் விட்டுட்டா?"

வழியெல்லாம் அவள் இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டு வந்தாள். அவர் மனம் நோகும். ஆனால் பொய் சொல்லி ஆறுதல் தருவதும் அவளால் முடியாது. கட்டிலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். எந்திரம், ஒத்திகை, இல்லாத மனிதர்கள், மாற்ற மறந்த எண். ஊர் அவரைக் கூப்பிடாமல் விட்ட வரியைத் தானும் எழுதி வந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள்.

அவர் கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

"அப்ப பேச்சியம்மான்னு ஒருத்தரு இல்ல?"

"இல்ல அண்ணாச்சி."

"கோமதிநாயகமும்?"

"இல்ல."

"அப்ப அந்தக் காய்ச்சலும் மூச்சிரைப்பும் யாருக்கும் இல்ல," என்றார். மெல்லச் சிரித்தார். "நல்லதாப் போச்சு போ. கோமதிநாயகம் வரப்போற மழைக்குளிரைத் தாங்க மாட்டாருன்னுல்ல பயந்துகிட்டிருந்தேன்."

சண்முகவடிவு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி சரி, கஞ்சி ஆறுது" என்றாள்.

"இனிமே போன் வராது, என்ன?" என்று கேட்டார் அவர்.

"வரும் அண்ணாச்சி. தெனமும் ஒண்ணு. உங்களுக்குன்னு."

"ஒண்ணுதானா," என்றார் அவர். கஞ்சியை வாங்கிக்கொண்டு, நினைவு வந்தது போல் அவளைப் பார்த்தார். "நீ சாப்ட்டியா?"

காலையிலிருந்து அவள் சாப்பிடவில்லை. அதை அவளிடம் கேட்க ஆள் இருந்து எத்தனை காலமாயிற்று என்றும் தெரியவில்லை.

வெளியே வந்தபோது விளக்கு வைக்கும் நேரம் நெருங்கியிருந்தது. வேப்ப மரத்தடியில் நின்று அப்பாவின் எண்ணைத் தேடினாள். கைபேசியில் அது எங்கோ அடியில் போய்க் கிடந்தது.

"நல்லாருக்கேன்," என்றார் தங்கதுரை எடுத்த எடுப்பில். "மத்தியானம் சாளை மீன் குழம்பு. பிரஷர் மாத்திரை போட்டாச்சு. முட்டு வலி நேத்து மாதிரியேதான்."

"அப்பா, நான் எப்சி பேசுதேன்."

"அதான் கேக்குதே. இன்னைக்குக் கொஞ்சம் முந்தி வந்துட்ட."

"அப்பா, நெசமாவே நான்தான்பா. எந்திரம் இல்ல."

"சரிம்மா," என்றார் அவர் பெருந்தன்மையோடு. "வேற என்ன கேக்கணும், கேளு. எம்மவ குரலை அச்சு அசலா வச்சிருக்காங்க, அது போதும்."

தான்தான் என்று நிரூபிக்க எதைச் சொல்வது? சின்ன வயதில் கூப்பிட்ட பேர், அம்மாவின் பாமாலை, எல்லாவற்றையும் அவளே கோப்பில் எழுதிக் கொடுத்தாயிற்று. மகளுக்குத் தெரிந்தது அத்தனையும் நலம்விசாரிக்குத் தெரியும். பேசாமல் நின்றாள்.

"அவசரம் ஒண்ணுமில்ல தாயி," என்றார் அப்பா. தினமும் கேட்டுக் கேட்டு அவருக்கும் பழகிவிட்டிருந்தது. "யோசிச்சுச் சொல்லு."

"அப்பா, நான் இன்னும் சாப்பிடலப்பா," என்றாள் எப்சிபா. "மனசு சரியில்ல."

அந்தப் பக்கம் நாற்காலி தரையில் உரசி நகர்கிற சத்தம் கேட்டது. எழுந்து நின்றிருக்க வேண்டும்.

"எப்சியா?" என்றார். குரல் வேறாக இருந்தது. "எங்கம்மா நிக்க? என்ன ஆச்சு? யாரும் ஏதும் சொன்னாங்களா? இரு, நான் வேணா வண்டியேறி வரட்டுமா?"

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். சொல்லத் தொடங்கினாள். காற்றாடிப் பண்ணையையும் பேச்சியம்மாளையும் சங்கரநயினாரின் பூச்சரத்தையும் சொல்லச் சொல்ல, அவர் "பொறவு?" "பொறவு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தெரு விளக்குகள் எரியத் தொடங்கின. பேச்சு முடியவில்லை.

கைபேசி அவள் காதில் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். வழக்கமான பச்சைப் புள்ளி இல்லை. இத்தனை வருஷத்தில் அவள் பார்த்தேயிராத சிவப்புப் புள்ளி. 'நாசரேத்: பதில் இல்லை. பக்கத்து வீட்டாருக்குச் சொல்லப்பட்டது.'

நலம்விசாரி அப்பாவைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறது. இணைப்பு கிடைக்கவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் ஒருவருடைய தொலைபேசியில் அவருடைய பிள்ளையே பேசிக்கொண்டிருக்கக் கூடும் என்பது எந்தக் கோப்பிலும் எழுதப்படவில்லை. ஒத்திகையிலும் ஊரிலும் ஒருநாளும் அப்படி நடந்ததில்லை.

தொலைபேசி வழியே நாசரேத் வீட்டுக் கதவு படபடவென்று தட்டப்படுவது கேட்டது.

"தங்கதுரை அண்ணாச்சி, அண்ணாச்சி, உள்ள என்ன ஆச்சு? கதவைத் திறங்க."

"ஒண்ணும் ஆகலப்பா," என்று அப்பா அங்கிருந்தே குரல் கொடுத்தார். "வெளிய இரு, வாரேன். எம்மவ பேசிக்கிட்டிருக்கா."